சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர்கள்

கம்போங் சிங்கா,
14 மார்ச் 2024

அன்பு மகள் அதிராவுக்கு,

அப்பா நலம்தான், இடுப்புக்குக் கீழே கொஞ்சம் தவிர. நீ வேளைக்குப் பசியாறுகிறாயா, கெலுகோர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதா என்று எழுது.

அப்பா பேனா பிடித்துவிட்டாரே என்று பயப்படாதே. ஊருக்குள் நுழைகிற இடத்தில், ஓடைக்கு மேலே பாசி பிடித்த ஒரு கல் பாலம் இருக்கிறது. புல்லு மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெரிய ஆள் மாதிரி விசில் அடித்துக்கொண்டு வந்தவன், அந்தக் கல்லில் கால் வைத்ததும் உட்கார்ந்தபடியே ஊருக்குள் போய்ச் சேர்ந்தேன். கால்சட்டை பின்பக்கம் முழுசாகக் கிழிந்துவிட்டது. பின் பாக்கெட்டில் இருந்த ஃபோன் என் பாரத்தைத் தாங்கவில்லை. எதிர் மரத்தில் லோத்தோங் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், பரீட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டர் மாதிரி. ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

புல் வெட்ட ஆள் கேட்டு ரொட்டிக்கார ஜபருல்லா பாயிடம் சொல்லியனுப்பியவர் வடிவம்மாள் என்ற அம்மா. அவர்தான் ஓடி வந்து ஒரு கைலி கொடுத்தார். "கட்டிக்குங்க தம்பி, இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான், வெட்கப்படாதீங்க" என்றார். ஊரே நின்று பார்க்கும்போது எப்படி வெட்கப்படாமல் இருப்பது?

பாலிக் பூலாவுக்கு மேலே, மலை மடிப்பில் பத்துப் பன்னிரண்டு பலகை வீடுகள். மலாயில் சிங்கா என்றால் போகிற வழியில் சற்று நின்றுவிட்டுப் போவது. பெயர் பொருத்தம்தான், எனக்கு இரண்டு நாள் வேலை. ஒரு வேடிக்கை சொல்கிறேன். இங்கே தொட்டாற்சிணுங்கி மூடியபடியே கிடக்கிறது. கால் பட்டால் விரிகிறது. பட்ட செடியிலிருந்து பக்கத்துச் செடி, அதிலிருந்து அடுத்தது என்று வடிவம்மாள் அக்கா வீட்டு வாசல் வரை விரிந்துகொண்டே போனது. யாரோ பாய் விரித்துக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

பாய் தினமும் காலையில் பாலம் வரை ரொட்டி கொண்டுவருகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். நாளை மறுநாள் கோப்பி கலக்கி வை.

பாதிக் கால்சட்டையோடு,
உன் அப்பா குணாளன்

*

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி,
ஜார்ஜ் டவுன்,
21 மார்ச் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. உங்கள் இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது?

கடிதத்தை பாய் கீழே கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உறையைத் திறந்ததும் பன் வாசம். அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், மன்னித்துக்கொள்ளுங்கள். குரங்கு வரும் இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் அப்பா, இரண்டு நாள் என்றீர்கள். கோப்பியை ஒரு வாரமாக நானே குடித்துக்கொண்டிருக்கிறேன்.

முக்கியமான விஷயம். பைராம் தோட்டத்திலிருந்து சிவநேசன் வீட்டார் வந்து எங்கள் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள். செப்டம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை. அம்மா படத்துக்கு முன்னால் நின்று முதலில் அம்மாவிடம் சொன்னேன். தாரை வார்ப்பதை நல்லமுத்து மாமாவும் மாமியும் செய்வார்கள். ஆனால் நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும். அது மட்டும்தான் நான் கேட்பது.

சின்ன வயதில் ஒருநாள் பள்ளிக்கு ஓடும்போது "போறேன்பா" என்று சொல்லிவிட்டேன். வாசலிலேயே நிறுத்தி, "போறேன்னு சொல்லக் கூடாது, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தீர்கள். பஸ்ஸே போய்விட்டது. அன்றிலிருந்து நான் மறந்ததில்லை. நீங்கள்தான் போய்விட்டு வருவதை மறந்துவிட்டீர்கள்.

சீக்கிரம் வாருங்கள். புடவை எடுக்கப் போக வேண்டும்.

உங்கள் மகள்,
அதிரா

*

கம்போங் சிங்கா,
2 ஏப்ரல் 2024

என் தங்கமே,

தேதியைப் படித்ததும் அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு ரொட்டி அதிகமாகச் சாப்பிட்டேன். சிவநேசன் வீட்டாருக்கு என் வணக்கத்தைச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள். கல்யாணப் பெண் கறுத்துவிட்டால் என்னைத்தான் பேசுவார்கள்.

ஏன் வரவில்லை என்றால், புல் முடியவில்லை. வெட்டி வைத்துவிட்டுத் தூங்குகிறேன். விடிந்து பார்த்தால் முழங்கால் உயரம் நிற்கிறது. வெட்டிய தடம்கூட நுனியில் இல்லை. மிஷினை நான் ஸ்டார்ட் செய்ததற்கு ஒரே சாட்சி என் தோள் வலிதான். பரவாயில்லை, மிச்சத்தை வேறு ஆள் பார்க்கட்டும் என்று சனிக்கிழமை கிளம்பினேன்.

இந்த ஊரில் ஒருவர் கிளம்பினால் எல்லோரும் பாலம் வரை வந்து வழியனுப்புகிறார்கள். இப்படி ஒரு மரியாதையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நானும் விடுவேனா? ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "போயிட்டு வரேங்க, போயிட்டு வரேன்" என்று சொன்னேன். "எப்ப வருவீங்க?" என்றார்கள். "வருவேன், வருவேன்" என்றேன். பாலம் தாண்டி, மூங்கில் திருப்பம் தாண்டி, இறக்கம். இறக்கம்தான் என்று முழங்கால் சத்தியம் செய்கிறது. இறங்கி இறங்கி ஒரு வீட்டுப் பின்பக்கத்தில் வந்து நின்றேன். வடிவம்மாள் அக்கா தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா தம்பி? கோப்பி ஆறுது."

கொம்தார் கட்டடத்தில் காரை நிறுத்திய மாடி எது என்று அரை நாள் தேடியவன் நான், உனக்குத் தெரியும். வழி தப்பிவிட்டது, அவ்வளவுதான். மறுநாளும் கிளம்பினேன். மறுநாளும் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் நல்ல வெயிலாகப் பார்த்துக் கிளம்புகிறேன்.

வழி தெரியாத உன்
அப்பா

*

ஜார்ஜ் டவுன்,
22 ஏப்ரல் 2024

அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம்.

சித்திரைப் புத்தாண்டு வந்து போய்விட்டது. ஒருத்திக்காக எதற்குப் பாயசம் என்று வைக்கவில்லை. தண்ணீர்மலைக் கோயிலுக்குச் சிவநேசனோடு போனேன். எல்லோரும் "அப்பா எங்கே?" என்று கேட்டார்கள். "புல் வெட்டப் போயிருக்கிறார்" என்றேன். மாமி என்னை ஒரு மாதிரி பார்த்தார். நானே சொல்லும்போது எனக்கே நம்பிக்கையாக இல்லை.

நேராகக் கேட்கிறேன். உங்களுக்குச் சிவநேசனைப் பிடிக்கவில்லையா? தோட்டத்துப் பையன் என்று யோசிக்கிறீர்களா? அல்லது நான் போய்விட்டால் வீடு காலியாகிவிடும் என்று முன்கூட்டியே ஓடிவிட்டீர்களா? எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். ஜோக் அடிக்காமல் சொல்லுங்கள்.

அதிரா

*

கம்போங் சிங்கா,
மே மாதம் (தேதியை பாயிடம் கேட்க மறந்துவிட்டேன்)

அன்பு அதிராவுக்கு,

உன் உடம்பு, மனசு இரண்டும் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி. இறக்கத்தில் இறங்க முடியவில்லை. அதனால்தான் தாமதம்.

சிவநேசன் தங்கமான பையன். உன்னை வீட்டில் விட வந்த அன்று, நம் வீட்டு வாளி ஓட்டையை யாரும் கேட்காமலே அடைத்துவிட்டுப் போனானே. அதற்கு மேல் என்ன வேண்டும்?

இங்கே எனக்குத் துணை இருக்கிறது. சந்திரசேகரன் என்று ஒரு தம்பி. இண்டர்நெட் லைன் வேண்டுமா என்று வீடு வீடாகக் கேட்க வந்தவன். கழுத்தில் இன்னும் கம்பெனி அட்டை தொங்குகிறது. அதிலிருக்கிற படத்தில் தலை நிறைய முடி. எப்போது வந்தாய் என்று கேட்டேன். "ஒரு காலையில வந்தேண்ணே" என்றான். எந்தக் காலை என்று கேட்டால் சிரிக்கிறான். "முதல்ல தினம் கிளம்புவேன். இப்பல்லாம் மழை நாள்ல கிளம்புறதில்ல. அப்புறம் வெயில் நாள்லயும் விட்டுட்டேன் லா."

பொழுதுபோகவில்லை என்றால் இருவரும் பறவை பார்க்கிறோம். விடிந்ததும் இருவாச்சிகள் சத்தம் போட்டுக்கொண்டு மலை முகட்டுக்குப் போகும். முகடு வந்ததும், கயிற்றின் நுனியில் கட்டின மாதிரி அப்படியே வளைந்து திரும்பும். உதிர்ந்த இலைகூட இங்கே தரையில் தங்குவதில்லை. மாலையில் கூட்டிக் குவித்தால் காலையில் கிளையில் இருக்கிறது. வாசல்களில் குடுவைச் செடி தொங்குகிறது, ஈக்கள் உள்ளே போய் வழுக்கு விளிம்பில் ஏறி ஏறி விழும். முதல் நாள் வேடிக்கையாகப் பார்த்தேன். இப்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

நீ இந்தப் பக்கம் வர வேண்டாம். அட்டைப் பூச்சி ரொம்ப. உனக்கு அட்டை என்றால் பயம்.

அப்பா

*

ஜார்ஜ் டவுன்,
30 மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்கு நான் பயந்தது ஆறு வயதில்.

பாயைக் கடையில் பிடித்துவிட்டேன். "எங்க அப்பாவுக்கு என்ன ஆச்சு பாய், உண்மையைச் சொல்லுங்க" என்றேன். "நல்லாத்தான் இருக்காரும்மா. வாய்தான் ஓய மாட்டேங்குது" என்றார். போலிஸில் சொல்லட்டுமா என்றேன். "போலிஸ்காரங்களும் மரியாதை தெரிஞ்சவங்கதானேம்மா" என்று என்னவோ சொல்லிவிட்டு ரொட்டிப் பெட்டியை மூடினார். என்னை அழைத்துப் போகச் சொன்னேன். ஹாரனை அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதனால் நானே வருகிறேன். ஜூன் கடைசியில் சிவநேசனுக்கு லீவு. மோட்டார் சைக்கிளில் பாய் வண்டிக்குப் பின்னாலேயே வந்துவிடுவோம். பயப்படாதீர்கள், சண்டை போட மாட்டேன். இத்தனை நாள் உங்களுக்குச் சோறு போட்ட அந்த அம்மாவிடம் முறையாகச் சொல்லிக்கொண்டுதான் உங்களை அழைத்துவருவேன். நீங்கள் வளர்த்த பெண், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்ப மாட்டேன்.

அதிரா

*

கம்போங் சிங்கா,
ஜூன் மாதம்

மகள் அதிராவுக்கு வடிவம்மாள் ஆசீர்வாதம்.

நீயும் மாப்பிள்ளைப் பையனும் சுகமாக இருப்பீர்கள். இங்கே அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. நேற்றுக்கூட ரசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

நீங்கள் வருவது அப்பா வாயிலிருந்து தெரிந்தது. சொல்ல விரும்பவில்லை போல, ஆனாலும் தைலம் தேய்த்துக்கொண்டே சொல்லிவிட்டார். எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வீட்டைக் கழுவி வைத்துவிட்டோம். பாலத்திலிருந்து வாசல் வரை செடி எல்லாம் இப்போதே விரிந்து கிடக்கிறது. கல்யாணத்தை இங்கேயே வைத்துக்கொண்டாலும் ஆச்சு. பூவுக்குப் பஞ்சமில்லை, பறித்த பூ மறுநாள் செடியிலேயே இருக்கும். குரங்குகள்கூடக் குட்டி போட்டிருக்கின்றன, ஆரஞ்சு நிறத்தில், பார்க்க அத்தனை அழகு. எல்லாம் கிளையில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

உன்னை நல்லபடி வளர்த்திருப்பதாக அப்பா சொன்னார். பெரியவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் நீ எங்கேயும் கிளம்ப மாட்டாயாம். கேட்கவே நிறைவாக இருந்தது.

வாம்மா. ஒரு நாள் தங்கினாலும் போதும்.

வடிவம்மாள்

*

கம்போங் சிங்கா,
ஜூன்

அதிரா,

நீ வராதே.

எனக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பையனை என் கண் முன்னால் கூட்டிவராதே. வந்தால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். கல்யாணத்தை உன் மாமாவை வைத்து நடத்திக்கொள்.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

குணாளன்

*

ஜார்ஜ் டவுன்,
19 ஆகஸ்ட் 2024

அப்பாவுக்கு,

இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. நாங்கள் வரவில்லை. நீங்கள் கேட்டபடியே.

அந்தக் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஒரு கேலிகூட இல்லை. நான் சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. "அப்பா" என்று முடிக்காமல் பெயரைப் போட்டிருந்தீர்கள், யாரோ கடன்காரனுக்கு எழுதுவது போல. அம்மா போன அன்றுகூட, பாடை கட்ட வந்தவரிடம் என்னவோ சொல்லிச் சிரிக்க வைத்தவர் நீங்கள். அதனால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அப்புறம் அது கோபமாகிவிட்டது. கோபம் சுலபமாக இருக்கிறது.

சிவநேசனிடம் கடிதத்தைக் காட்டவில்லை. முழங்கால் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பத்திரிகை இத்துடன் இருக்கிறது. உங்கள் பெயரை எடுத்துவிடலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். எடுக்கவில்லை. காலை ஒன்பதுக்கு முகூர்த்தம். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

நலமாக இருங்கள்.

அதிரா

*

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி,
ஜார்ஜ் டவுன்,
15 செப்டம்பர் 2024

என் அன்பு மகள் அதிராவுக்கு, செபராங் ஜெயாவில் புது வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பா எழுதுவது.

புது ஃபோன் வாங்கிவிட்டேன், பின் பாக்கெட்டில் வைப்பதில்லை. ஆனால் இதை ஃபோனில் சொல்ல முடியாது. பாதியில் சிரித்துவிடுவேன் அல்லது வேறு என்னவாவது செய்துவிடுவேன்.

கல்யாண மண்டபத்தில் நான் பாய் மோட்டாரின் பின்னால், இரண்டு ரொட்டிப் பெட்டிக்கு நடுவே, கைலியோடும் சேற்று பூட்ஸோடும் வந்து இறங்கியதற்கு முதலில் மன்னிப்பு. வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெண்கள் என்னைப் பந்தலுக்கு வாழை கட்ட வந்தவன் என்று நினைத்துப் பின்பக்கம் அனுப்பினார்கள். நல்லமுத்து மச்சான் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அது எனக்கு வயிற்றில் மூடவில்லை. அப்படியே வந்து உன் பக்கத்தில் நின்றேன். நீ நிமிர்ந்து, "வந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாய். அந்த வார்த்தையை ஆறு மாதம் வேறொரு வாசலில் கேட்டு நடுங்கியவன் நான். உன் வாயிலிருந்து கேட்டபோதுதான் வந்துவிட்டேன் என்று நம்பினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊரிலிருந்து என்னால் வெளியே வர முடியவில்லை, அதிரா. முழங்காலுக்கு ஒன்றுமில்லை. கிளம்பினால் திரும்பி அங்கேயே வந்து நிற்பேன். எனக்குப் புத்தியில்லை என்று நினைத்துக்கொண்டேன், அது புதிதில்லையே. நீ வருகிறேன் என்று எழுதியதும்தான் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ முறையாகச் சொல்லிக்கொண்டு கிளம்புவதாக எழுதியிருந்தாய். அன்று எனக்குக் காரணம் தெரியாது. ஆனால் அக்கா அந்த வரியை என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். முகம் அப்படி மலர்ந்தது. பயந்துவிட்டேன். அன்புக் கடிதம் எழுதினால் நீ இன்னும் வேகமாக வருவாய். அதனால்தான் அந்தக் கடிதம். அதை பாயிடம் கொடுத்துவிட்டுப் புல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். எதிரே குரங்குகள். அன்றும் ஒன்றும் சிரிக்கவில்லை.

உன் பத்திரிகை வந்த பிறகு, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் பாலத்தடியில் ஓர் உடும்பைப் பார்த்தேன். ஊருக்குள்ளிருந்து வந்தது. யாரையும் பார்க்கவில்லை, ஒரு சத்தமும் போடவில்லை. நாக்கை நீட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி மூங்கிலுக்குள் போயிற்று. வால் வெட்டுப்பட்ட உடும்பு, அடையாளம் மறக்காது. அது திரும்பவே இல்லை. கத்திக்கொண்டு கிளம்புகிற இருவாச்சி திரும்புகிறது, கத்தாத உடும்பு போய்விட்டது. அப்போது பாய் வந்து ஹாரன் அடித்தார். எனக்குச் சுரீர் என்றது. இத்தனை மாதத்தில் அந்த மனிதர் போய் வருகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"ஏன் பாய், நீங்க கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்றதில்ல?"

"எங்க வாப்பா காலத்துலருந்து இந்த ரூட்டுண்ணே. ரொட்டியக் குடு, ஹாரன் அடி, வண்டியத் திருப்பு. வேற பேச்சு வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னா? உங்க வாய் சும்மா இருந்திருக்குமா?"

இருந்திருக்காது. போயிட்டு வரேன் என்று சொன்னவனை அந்த மண் வரவைத்துவிடுகிறது. நான் சொன்ன வாக்கை எனக்காக அதுவே காப்பாற்றுகிறது. அங்கிருந்து கிளம்ப ஒரே வழிதான், சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி. யாரிடமும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல்.

சந்திரசேகரனிடம் சொன்னேன். அவன் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா மனசு கஷ்டப்படும் லா, அண்ணே. சாப்பாடு போட்டவங்க." எனக்கும் அதே கஷ்டம்தான். ஆனால் எட்டாம் தேதி நெருங்கிவிட்டது. என் வாயை எனக்குத் தெரியும், அதனால் ஆளுக்கொரு தேங்காய் பன்னை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டு நடப்பது என்று முடிவு. உன் கல்யாண நாள் காலையில் பாய் ஹாரன் அடித்ததும் கிளம்பினோம்.

நாங்கள் நடக்க நடக்க, விரிந்து கிடந்த தொட்டாற்சிணுங்கி முதல் தடவையாக மூடிக்கொண்டே வந்தது. பாதையைச் சுருட்டுகிற மாதிரி. கிளையில் குரங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின. அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

"தம்பி, பசியாறலையா? ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?"

நான் பன்னைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பாலத்தின் நடுவில் சந்திரசேகரன் நின்றுவிட்டான். வாயிலிருந்த பன்னைக் கையில் எடுத்தான். நான் தலையை ஆட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். அவன் என்னைப் பார்த்து, பாரம் இறக்கியவன் மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தான். திரும்பி, "அக்கா, போயிட்டு வரேன்!" என்றான்.

அப்புறமும் என் பின்னாலேயே வந்தான். அவன் செருப்புச் சத்தம் மூங்கில் திருப்பம் வரை கேட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பார்க்காமலே, கீழே பாய் மோட்டார் நின்ற இடம் வரை நடந்தேன்.

அக்கா பாலத்தில் நின்று கூப்பிட்டார். அதட்டவில்லை, திட்டவில்லை. "சொல்லிட்டுப் போகக் கூடாதா தம்பி? நாங்க என்ன சாவு வீடா?" என்றார். நல்ல மனுஷிதான், அதிரா. என்னை யாரும் அங்கே கட்டிப்போடவில்லை. ஆறு மாதம் ரசம் ஊற்றியவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தேன். பன் உப்புக் கரித்தது. தேங்காய் பன்னில் உப்புப் போட மாட்டார்கள், பாயிடம் கேட்டேன்.

இப்போது பாய் ரொட்டியோடு சந்திரசேகரனுக்கு ஒரு பன் தனியாகக் கொடுத்துவருகிறார். ஒருநாள் வாயிலிருந்து அதை எடுக்காமல் வருவான்.

இன்னொன்று. மண்டபத்து வாசலில் காரில் ஏறும்போது நீ குனிந்து, "அப்பா, போயிட்டு வரேன்" என்றாய். நான் சொல்லிக்கொடுத்தபடியே, அட்சரம் பிசகாமல். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். மாமிகூட "சொல்லுங்கண்ணே" என்று இடித்தார். நான் உன் தலையில் கையை வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். உன் முகம் வாடியதைப் பார்த்தேன். அப்பாவுக்குக் கோபம் தீரவில்லை என்று நினைத்திருப்பாய்.

அது இல்லை, கண்ணு. இது ஜார்ஜ் டவுன், அது சிங்கா என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்க வரவில்லை. நீ ஒரு புது வீட்டுக்குப் போகிறாய். என் வார்த்தை கயிறாகி உன்னை இந்த மூன்றாம் மாடிக்கு இழுத்துவிடக் கூடாது. உனக்கு வர வேண்டும் என்று தோன்றினால் வா. தோன்றாவிட்டால் ஒரு ஃபோன் போதும், கோப்பியை நானே குடித்துக்கொள்வேன்.

கார் திருப்பத்தில் மறைகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அன்று வாயில் பன்கூட இல்லை. உள்ளுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போயிட்டு வாம்மா.